வேலை செய்யாதவங்க பேரு, ஏழு நாள் ஜர்னல்: இதுல தப்பு யார் தலைல விடியும்?

உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன்ம்மா. கோத்தகிரி பக்கம் குறும்பர் ஆதிவாசி ஊர்கள்ல மூலிகை பத்தி பீல்ட் ஒர்க் முடிச்சு பேப்பர் ரெடி பண்ணி வச்சிருக்கீங்க, உங்க பிஎச்டி கைட் அவரோட பிரெண்ட்ஸ் ரெண்டு பேர் பேர ஆத்தரா சேர்க்க சொல்றார், அதுல ஒருத்தர் வெளிநாட்டுல இருக்கார், ரெண்டு பேரும் இந்த மலைக்கு வந்ததும் இல்ல ஒரு வரி எழுதினதும் இல்ல. இன்னொரு பக்கம் ஒரு ஜர்னல் 4,500 ரூபா கட்டினா ஏழே நாள்ல போட்டு தர்றோம்னு மெயில் மேல மெயில் போடுது, அதுக்கும் அனுப்பிட்டு வேற ஒரு நல்ல ஜர்னலுக்கும் அதே நேரத்துல அனுப்பி பாக்கலாமான்னு கேட்ருக்கீங்க. கடைசில "எல்லாரும் பண்றது தானே, இதுல என்ன தப்பு"ன்னு முடிச்சிருக்கீங்க. தப்புன்னு உங்களுக்கு தெரியும்னு தான் எனக்கு படுது, தெரியலன்னா ராத்திரி ஒன்றரை மணிக்கு உக்காந்து இவ்ளோ நீளமா டைப் பண்ணி இருக்க மாட்டீங்க. எல்லாரும் சேர்ந்து பண்ற தப்பு நாளைக்கு யார் தலைல விடியும்ங்கறது தான் நீங்க நெஜமா கேக்கற கேள்வி, அதுக்கு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

நான் தாவரவியல் வாத்தியார், 31 வருஷம் காலேஜ்ல பாடம் எடுத்து ரிட்டயர் ஆகி இப்ப கோத்தகிரில தான் இருக்கேன். நடுவுல ஆறு வருஷம் ஒரு சின்ன ஜர்னல்ல இணை ஆசிரியரா இருந்தேன், ரிவ்யூவுக்குன்னு வந்து பாத்து குடுத்த பேப்பருக்கு கணக்கு வச்சுக்கல. எழுதறவங்க, படிச்சு பாக்கறவங்க, அச்சுல போடறவங்கன்னு மூணு பக்கமும் உக்காந்திருக்கேன். சட்டம்னு நான் சொல்றத மட்டும் ஒரு வக்கீல் சொன்னதா எடுத்துக்காதீங்க, உங்க யுனிவர்சிட்டி ரூல உங்க ரிசர்ச் செக்‌ஷன்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

ஒரே நேரத்துல ரெண்டு எடத்துக்கு அனுப்பறது பத்தி சுருக்கமா சொல்லிடறேன், அது தப்பு தான், அதுல சந்தேகமே கெடையாது. ஒவ்வொரு ஜர்னலும் சப்மிட் பண்ணும்போதே இது வேற எங்கயும் பரிசீலனைல இல்லன்னு உங்ககிட்ட உறுதி வாங்குது, அங்க டிக் பண்ணிட்டா அது நீங்க சொன்ன பொய். அதுபோக ரிவ்யூவர்னு இருக்கறவர் சாயந்திரம் வீட்டு வேலைக்கு நடுவுல காசு வாங்காம உக்காந்து உங்க பேப்பர படிக்கறவர், ரெண்டு எடத்துல ரெண்டு ரெண்டு பேர அப்படி உக்கார வச்சுட்டு ஒன்ன தூக்கி போடறது நியாயம் இல்ல. ஒரு எடத்துல வேணாம்னு முறையா எழுதி வாபஸ் வாங்கிட்டு அப்பறம் அடுத்த எடம் போங்க.

பேர் விஷயம் தான் பெருசு. மருத்துவ ஜர்னல் எடிட்டர்ஸ் 1978ல கனடால வான்கூவர்ல கூடி ஆரம்பிச்ச ஒரு கமிட்டி இருக்கு, ஐசிஎம்ஜேஇன்னு சொல்லுவாங்க, அவங்க வச்ச அளவுகோல தான் இன்னைக்கு மத்த சயின்ஸ் ஜர்னலும் கொஞ்சம் முன்ன பின்ன மாத்தி எடுத்துக்குது. ஆத்தர்னா நாலு வேணும்: திட்டத்துலயோ தகவல் சேர்க்கறதுலயோ அத அலசறதுலயோ கணிசமான பங்கு இருக்கணும், எழுதிருக்கணும் இல்லன்னா எழுதினத உள்ளடக்கம் தெரிஞ்சு திருத்திருக்கணும், கடைசி வடிவத்துக்கு சம்மதம் சொல்லிருக்கணும், பேப்பர்ல எங்க கேள்வி வந்தாலும் பதில் சொல்ல ஒத்துக்கணும். நாலும் வேணும், நாலுல ஒன்னு இருந்தா போதும்னு இல்ல. லேப்ல எடம் குடுத்தார், பண்ட் வாங்கி குடுத்தார், டிபார்ட்மென்ட் ஹெட்டா இருக்கார்ங்கறதெல்லாம் அந்த நாலுக்குள்ள வராது, பேப்பர் கடைசில வர்ற நன்றில போடலாம். இதுல நான் ரொம்ப முக்கியமா நெனைக்கறது கடைசி விஷயம். 2023ல சாட்ஜிபிடி மாதிரி ஏஐய ஆத்தரா போடலாமான்னு கேள்வி வந்தப்ப, இந்த கமிட்டியும் சரி, 1997ல பிரிட்டன்ல ஆரம்பிச்ச கோப்ங்கற பதிப்பு நெறி அமைப்பும் சரி, கூடாதுன்னு தான் சொன்னாங்க. ஏஐ எழுதவே எழுதாதுன்னு அவங்க சொல்லல, எழுதினதுக்கு அதால பொறுப்பு ஏத்துக்க முடியாதுன்னு தான் காரணம் சொன்னாங்க. அப்போ பேர்ங்கறது பொறுப்பு. உங்க டேபிள் 3 தப்புன்னு நாளைக்கு ஒருத்தர் எழுதினா அந்த ரெண்டு பேரும் அதுக்கு என்ன பதில் சொல்லுவாங்கன்னு யோசிச்சு பாருங்க.

கைட் கிட்ட எப்படி சொல்றதுன்னு கேட்டா, நேரா போய் மோதுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், உங்க அஞ்சு வருஷ உழைப்பு அவர் கையெழுத்துல தொங்குது, இங்க உக்காந்துகிட்டு வீரம் பேசறது எனக்கு சுலபம். ஆனா ஒரு வழி இருக்கு. நெறைய ஜர்னல் இப்ப யார் என்ன செஞ்சாங்கன்னு பங்களிப்பு விவரம் கேக்குது, கிரெடிட்னு ஒரு பட்டியல் இருக்கு, 14 வகை வேலை அதுல வரும். அந்த பாரத்த எடுத்துட்டு போய் "சார், இவங்க ரெண்டு பேருக்கும் எதுக்கு நேரா டிக் போடட்டும், நீங்களே சொல்லுங்க"ன்னு கேளுங்க, குரல்ல குத்தம் இல்லாம கேளுங்க. நெறைய ஜர்னல்ல இருந்து ஒவ்வொரு ஆத்தருக்கும் தனித்தனியா உறுதிப்படுத்த சொல்லி மெயில் வரும்ங்கறதயும் சொல்லுங்க. அப்பவும் அவர் நின்னார்னா, அவங்கள நெஜமாவே வேலை செய்ய வைங்க, முழு டேட்டாவ அனுப்பி அனாலிசிஸ திரும்ப போட்டு பாக்க சொல்லுங்க, டிராப்ட்ட வரி வரியா விமர்சனம் பண்ண சொல்லுங்க. செஞ்சு குடுத்தா அவங்க பேர போடறதுல ஒரு நியாயம் வந்துரும், செய்யலன்னா அவங்களே ஒதுங்கறதுக்கு வாய்ப்பு இருக்கு. எதுவுமே நடக்கலன்னா, நீங்க கேட்டதும் அவர் சொன்னதும் மெயில்ல எழுத்தா இருக்கற மாதிரி பாத்துக்கோங்க.

வெளிநாட்டுல இருக்கறவர் பேர்ல தனியா ஒரு சிக்கல் இருக்கு. 2002 பல்லுயிர் சட்டப்படி வெளிநாட்டுக்காரங்களோ வெளிநாட்டுல குடியிருக்கற இந்தியரோ நம்ம உயிரினங்களையோ அது சார்ந்த பாரம்பரிய அறிவையோ ஆராய்ச்சிக்குன்னு எடுத்தா, தேசிய பல்லுயிர் ஆணையத்துகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அந்த ஆபீஸ் சென்னைல தான் இருக்கு. அரசு ஒத்துகிட்ட கூட்டு ஆராய்ச்சிக்கு மட்டும் தனி வழி வச்சிருக்காங்க. ஒன்னுமே செய்யாத ஒருத்தர் பேர போட்டு, இவரும் சேர்ந்து தான் குறும்பர் அறிவ சேகரிச்சார்னு நீங்களே அச்சுல ஒத்துக்கற மாதிரி ஆயிரும். கைட்டுக்கு மத்த எதுவும் ஏறலன்னாலும் இந்த ஒன்னு ஏறும்னு நம்பறேன்.

இப்ப அந்த ஏழு நாள் ஜர்னல். காசு கேட்டாலே மோசடின்னு இல்ல, யார் வேணாலும் சும்மா படிக்கலாம்னு விடற நேர்மையான ஓபன் ஆக்சஸ் ஜர்னலும் காசு வாங்குது, காசே வாங்காத நல்ல ஜர்னலும் இருக்கு. சின்னதா, வெப்சைட் பாக்க சுமாரா இருக்குன்னும் ஒதுக்காதீங்க, நான் இருந்த ஜர்னலே அப்படி தான் இருந்துச்சு. ஆனா ஏழு நாள்ல போட்டு தர்றேன்னு முன்னாடியே வாக்கு குடுக்கறான்னா அதுக்கு ஒரே அர்த்தம், யாரும் படிக்க போறது இல்ல. படிச்சுட்டு வேணாம்னு சொல்றதுக்கும் எடம் இருந்தா தான் அது ரிவ்யூ. 2013ல சயின்ஸ் பத்திரிகைக்காக ஜான் பொஹானன்ங்கறவர் ஒரு போலி பேப்பர் தயார் பண்ணார், நம்ம ஊர் கல்பாசி மாதிரி ஒரு லைக்கன்ல இருந்து எடுத்த பொருள் கேன்சர் செல்ல தடுக்குதுன்னு, உள்ள எவனும் கண்டுபுடிக்கற மாதிரி ஓட்டைய வேணும்னே வச்சு 304 ஜர்னலுக்கு அனுப்பினார். 157 ஜர்னல் ஏத்துகிச்சு. ஹைதராபாத்த தலைமையிடமா வச்ச ஓமிக்ஸ் குழுமத்துக்கு 2019ல அமெரிக்க கோர்ட் 50.1 மில்லியன் டாலர் கட்ட சொல்லி உத்தரவு போட்டுச்சு, ரிவ்யூ பத்தியும் கட்டணம் பத்தியும் ஆராய்ச்சிக்காரங்கள ஏமாத்தினாங்கன்னு வந்த கேஸ் அது. பெரிய கம்பெனின்னாலும் கண்ண மூடிட்டு நம்ப முடியாது, வைலி கையில இருந்த ஹிந்தாவி ஜர்னல்கள்ல 2023ல மட்டும் அச்சுல வந்த 8,000 பேப்பருக்கு மேல செல்லாதுன்னு வாபஸ் ஆச்சு.

அதனால லிஸ்ட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. இதெல்லாம் நல்ல ஜர்னல்னு யூஜிசி போட்டு வச்சிருந்த கேர் லிஸ்ட்டயே 2025 பிப்ரவரில நிறுத்திட்டாங்க, நல்ல ஜர்னலா இல்லையான்னு காலேஜே பாத்து முடிவு பண்ணிக்கணும்னு விட்டுட்டாங்க. நான் ஸ்டூடண்ட்ஸுக்கு சொல்றது சின்ன வேலை தான், அந்த ஜர்னல்ல உங்க சப்ஜெக்ட்ல வந்த பேப்பர் மூணு எடுத்து முழுசா படிங்க, நீங்களே தப்பு கண்டுபுடிக்கற அளவுக்கு இருந்தா அங்க போகாதீங்க. எடிட்டோரியல் போர்டுல பேர் இருக்கறவர் ஒருத்தருக்கு அவரோட காலேஜ் மெயில் ஐடி தேடி எழுதி கேளுங்க, நீங்க இதுல இருக்கீங்களான்னு. தன் பேர் அங்க இருக்கறதே தெரியாத ஆளுங்க இருக்காங்க, நானே அப்படி ஒருத்தருக்கு போன் பண்ணி சொல்லிருக்கேன். இன்னொன்னு, பிஎச்டி தீசிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஜர்னல்ல பேப்பர் வந்தே ஆகணும்ங்கற கட்டாயத்த யூஜிசி 2022 விதிகள்ல எடுத்துட்டாங்க. உங்க யுனிவர்சிட்டி இன்னும் தனியா கேக்கலாம், ஆனா கேக்குதான்னு முதல்ல பாருங்க, யாரோ சீனியர் சொன்ன அவசரத்துக்காக இந்த 4,500 ரூபாய தூக்கி குடுத்துறாதீங்க.

போடறவங்க பக்கமும் அழுக்கு இல்லாம இல்ல, அதயும் சொல்லணும். நாங்க நெறைய ஜர்னல் மாதிரி ஆத்தர் கிட்டயே நாலு ரிவ்யூவர் பேர் கேப்போம். ஒரு தடவ ராத்திரி பத்தரைக்கு ஒரு பேப்பர அப்படி சொன்ன ஒருத்தருக்கு அனுப்பினேன், பதினொன்னே காலுக்கு ரெண்டு பக்க ரிவ்யூ வந்துருச்சு, ஒரே புகழ்ச்சி. 28 பக்க பேப்பர் அது. அந்த ஆள் பேர் நெஜம், பெரிய ஆள், ஆனா மெயில் ஐடி ஜிமெயில். அவரோட டிபார்ட்மென்ட் நம்பருக்கு மறுநாள் கூப்ட்டா, அவர் அந்த பேப்பர பாத்ததே இல்ல. ஆத்தரே ஐடி உண்டாக்கி தானே தனக்கு ரிவ்யூ எழுதிருக்கார். இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்ல, ட்யூமர் பயாலஜின்னு ஒரு ஜர்னல்ல 2017ல ஒரே மூச்சுல 107 பேப்பர் போலி ரிவ்யூவுக்காக வாபஸ் ஆச்சு. அந்த ராத்திரி நான் மணிய பாக்கலன்னா அந்த பேப்பர் எங்க ஜர்னல்ல வந்துருக்கும், அதுக்கு முன்னாடி அப்படி எத்தன போச்சோன்னு இன்னைக்கும் மனசு அடிச்சுக்குது. எடிட்டரோட பொறுப்புன்னா அது தான்ம்மா, யாரும் கேக்காதப்பவும் ஒரு போன் போட்டு பாக்கறது. ரிவ்யூவர்னா வேற, அடுத்தவன் பேப்பர் கையில இருக்கறவரைக்கும் அது அவனோட சொத்து, அதுல இருக்கற ஐடியாவ எடுத்து தன் ஸ்டூடண்டுக்கு குடுக்கறதும் திருட்டு தான். நான் சேகரிச்சுட்டு இருந்த அதே செடி குடும்பத்து மேல ஒரு பையன் பேப்பர் எனக்கு ரிவ்யூவுக்கு வந்தப்ப முதல் பக்கத்தோட மூடி திருப்பி அனுப்பினேன், பாக்காம இருக்க ரொம்ப கஷ்டமா தான் இருந்துச்சு.

நீங்க கேக்காத ஒன்ன இப்ப சொல்றேன், எனக்கு அது தான் மனசுக்கு பக்கத்துல இருக்கு. உங்க பேப்பர்ல எடத்தோட பேர், ஜிபிஎஸ் எல்லாம் எவ்வளவு துல்லியமா போட்ருக்கீங்க? தொண்ணூறுகள்ல நான் ஒரு தரை ஆர்க்கிட் பத்தி சின்ன குறிப்பு போட்டேன், எந்த எஸ்டேட்டுக்கு பின்னாடி இருக்கற சோலை, எந்த ஓடைல இருந்து எத்தன மீட்டர் மேலன்னு பெருமையா எழுதினேன், அப்படி எழுதறது தான் நல்ல சயின்ஸ்னு எங்களுக்கு சொல்லி குடுத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பூக்கற சமயத்துல போனா, உள்ளங்கை அகலத்துக்கு வரிசையா குழி. கிழங்கோட தோண்டி எடுத்துட்டு போயிருந்தாங்க, ஒரு குழில கிழிஞ்ச சாக்கு துண்டு கெடந்துச்சு. என் பேப்பர படிச்சுட்டு தான் வந்தாங்கன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா அந்த எடத்த அதுக்கு முன்னாடி எழுத்துல போட்டது நான் ஒருத்தன் தான். சீனால ஒரு குகைப் பல்லிய 1999ல புது இனம்னு பேப்பர்ல போட்டதும் செல்லப்பிராணி வியாபாரிங்க அந்த எடத்துக்கே போய் அள்ளிட்டு போனாங்க. 2017ல லிண்டன்மேயர், ஷீலேன்னு ரெண்டு ஆஸ்திரேலியா விஞ்ஞானிகள் சயின்ஸ்லயே எழுதினாங்க, அபூர்வமானதோட எடத்த போடாதீங்கன்னு. இப்ப நெறைய எடிட்டர் ஒத்துக்கறாங்க, தாலுகா அளவுல போட்டுட்டு துல்லியமான எடத்த, காய வச்ச செடி மாதிரிகள பாதுகாக்கற ஹெர்பேரியத்துல மூடி வைக்கலாம், கேட்டு பாருங்க. எல்லா செடிக்கும் மறைக்கணுமான்னா அதுல ஆளாளுக்கு கருத்து வேற, சாதாரண செடிக்கு எடம் போடறதுல லாபம் தான் ஜாஸ்தின்னு நான் நெனைக்கறேன்.

ஜனங்க விஷயத்துக்கு வர்றேன். நம்ம மலை மக்கள் ஆராய்ச்சிக்காரங்கள பாத்து பாத்து சலிச்சவங்க. ரிவர்ஸ்னு ஒரு இங்கிலாந்து மானுடவியல்காரர் 1901-02ல வந்து தோடர் பத்தி எழுதினார், இந்தியால சிக்கிள் செல்ங்கற பரம்பரை ரத்தக் கோளாறு இருக்குன்னு உலகத்துக்கு முதல்ல தெரிஞ்சதே இந்த நீலகிரி ஆதிவாசி மக்கள் ரத்தத்துல தான், லேமனும் கட்புஷும் 1952ல எழுதினாங்க. எத்தனையோ பட்டம் இந்த மலைல இருந்து எறங்கி போயிருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டில, ஊர் தலைவர் சம்மதம் வாங்கினா மட்டும் போதாது, ஒவ்வொரு ஆள்கிட்டயும் அவருக்கு புரியற பாஷைல சொல்லி தனியா சம்மதம் வாங்கணும்னு இருக்கு. மருந்து பத்தினதுன்னா காசும் நடுவுல வரும், கேரளால காணி ஆதிவாசி மக்கள் காட்டின ஆரோக்கியப்பச்சைங்கற செடில இருந்து ஜீவனின்னு மருந்து வந்தப்ப லைசன்ஸ் பணத்துலயும் ராயல்டிலயும் பாதி அவங்களுக்குன்னு 1990கள்ல முடிவு பண்ணாங்க. உங்க பேப்பர படிச்சுட்டு நாளைக்கு ஒரு கம்பெனி வந்தா யாருக்கு என்ன போய் சேரும்னு உங்க எத்திக்ஸ் கமிட்டில ஒரு தடவையாவது பேசுங்க.

எங்க பேப்பர் ஒன்னு, குஞ்சப்பனைக்கு கீழ ஒரு குறும்பர் ஊர்ல எடுத்தது, நாலு ஆத்தர், ரெண்டு ரிவ்யூவர் பாத்து ஓகே பண்ணி, அச்சுக்கு முன்னாடி சரிபாக்கற ப்ரூப் வந்தாச்சு. அத தமிழ்ல எழுதி எடுத்துட்டு போய் தகவல் குடுத்த பெரியவருக்கு அவர் வீட்டு திண்ணைல உக்காந்து படிச்சு காட்டினேன். அவர் எழுத படிக்க தெரியாதவர், காப்பி கொட்டைய காய போட்டுகிட்டே கேட்டார். பதினோராவது செடில நிறுத்தினார். "சாரு, அந்த வேரு மாட்டுக்கு வயிறு உப்பினா குடுக்கறது. மனுசனுக்குன்னு நான் எப்ப சொன்னேன்?" நோட்ட பாத்தா, பத்தாவது வரில மனுசன்னு எழுதிருந்தேன், பஸ்ல வர்றப்ப அதுக்கு கீழ டிட்டோ குறி போட்டு ரொப்பிட்டேன். மாட்டுக்கு குடுக்கற அளவு வேர ஒரு பேப்பர் மனுசனுக்குன்னு சொல்லிருக்கும். நாங்க நாலு பேர், ரிவ்யூவர் ரெண்டு பேர், எடிட்டர் ஒருத்தர், யாருக்கும் தெரியல. (நோட்ட தூக்கி போடாதீங்க, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல 1904ல இருந்து எடுத்த சூரியன் படத்த பத்திரமா வச்சிருக்கறதால தான் இன்னைக்கு ஒருத்தர் போய் திரும்ப அளந்து பாக்க முடியுது.)

அன்னைக்கு தான் எனக்கு அந்த நாலு அளவுகோல் நெஜமா புரிஞ்சுது. தகவல் அவரோடது, டிராப்ட்ட உள்ளடக்கம் தெரிஞ்சு திருத்தினதும் அவர், திருத்தின அப்பறம் சரின்னு சொன்னதும் அவர், தப்பா இருந்தா ஊர்ல பதில் சொல்ல வேண்டியதும் அவர். உங்க கைட் சொல்ற ரெண்டு பேர விட அவர் ஆயிரம் மடங்கு ஆத்தர். முதல் அளவுகோல்ல தேறினவருக்கு மத்த மூணுக்கும் வாய்ப்பு குடுக்கணும்னு ஐசிஎம்ஜேஇயும் சொல்லுது, வாய்ப்பு குடுக்காம விட்டுட்டு அப்பறம் இவர் எழுதலயேன்னு சொல்ல கூடாது. ஆனா எல்லா பெரியவர் பேரையும் போட்டே ஆகணும்னு என்னால அடிச்சு சொல்ல முடியல, சிலருக்கு பேர் வெளிய வந்தா ஊர்ல சங்கடம், சிலருக்கு அது ரகசியம், நோயாளின்னா பேர் போடவே கூடாது. கேக்கணும், அவங்க சொல்றத தான் செய்யணும். நான் கேட்டப்ப அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எம் பேரு இருக்கட்டும், ஓடை பேர எடுத்துரு"ன்னார். ப்ரூப்ல ரெண்டையும் மாத்த சொல்லி எழுதினேன். ஓடை பேர எடுத்தாங்க, அவர் பேர ஆத்தர் வரிசைல சேர்க்க கடைசி நேரத்துல ஜர்னல் ஒத்துக்கல, நன்றில தான் வந்துச்சு, சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே நான் போயிருக்கணும்.

நீங்க இன்னும் சப்மிட் பண்ணல. டிராப்ட்ட தமிழ்ல ஆக்கி எடுத்துட்டு ஒரு நாள் கீழ எறங்குங்க, முடிஞ்சா உங்க கைட்டையும் கூட்டிட்டு போங்க. ஐப்பசி மழை புடிச்சுகிச்சுன்னா அந்த பாதைல மண்ணு சரிஞ்சு ஜீப் போகாது, அதுக்கு முன்னாடி போய்ட்டு வந்துருங்க.